பாக்கியைக் கேட்டால் பிச்சை என்பதா?

துளசேந்திரபுரம் என்ற பெயர் நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. மன்னார்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர். 2020 நவம்பரில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் என்பதற்காக அங்கே கோயிலில் பூசை நடந்தது, வாசலில் கோலம் போட்டார்கள், பேனர் கட்டினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நம் பேட்டைகளிலும் டீக்கடைப் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. நல்லது. நம் மண்ணின் பேத்தி என்று மகிழ்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேத்தி எங்கே படித்துப் பட்டம் வாங்கினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

1986ல் அவர் பட்டம் பெற்றது வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். அடிமை முறை ஒழிந்த இரண்டே ஆண்டில், 1867ல், கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்விச்சாலை அது. அதைப் போல நூறு கல்லூரிகள் இன்றும் அமெரிக்காவில் இருக்கின்றன. வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் பிறந்து, பட்டினியிலேயே வளர்ந்த கல்லூரிகள். அவற்றில் படிக்கும் மாணவர்களுக்கு மாநில அரசுகள் நிரந்தரக் கல்வி உதவி நிதி ஏற்படுத்த வேண்டும் என்று அங்கே பல்லாண்டுகளாக ஒரு போராட்டம் நடந்துவருகிறது. வழக்குமன்றத்தில் நடக்கிறது, சட்டமன்றத்தில் நடக்கிறது, வீதியிலும் நடந்திருக்கிறது.

இதைப் பற்றி நம் படிப்பகத்தில் பேச்சு வந்தபோது ஒரு நண்பர் எழுந்தார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். "இப்போதுதான் எல்லாக் கல்லூரியும் எல்லோருக்கும் திறந்திருக்கிறதே, கறுப்பருக்கென்று தனிக் கல்லூரி எதற்கு, அதற்குச் சர்க்கார் பணத்தில் தனி உதவித்தொகை எதற்கு? எத்தனை காலத்துக்குத்தான் கை நீட்டிக்கொண்டே இருப்பது?" என்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கை நீட்டுவதா? யார் யாரிடம் கை நீட்டியது என்று கணக்குப் பார்ப்போம் தோழர்களே. நாம் கூலிக்காரர்கள். நமக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும்.

1832ல் அலபாமா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அடிமைக்கு எழுத்தோ வாசிப்போ கற்றுக்கொடுப்பவனுக்கு 250 முதல் 500 டாலர் வரை அபராதம். எழுத்தறிவிப்பது அங்கே குற்றம்! நமக்கு இது புதிய செய்தியா? காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரம் பிறந்த நாட்டுக்காரர்கள் நாம். நம் நாட்டில் அதற்குச் சாமி பெயரைச் சொன்னார்கள், அங்கே கெஜட்டில் அச்சடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் 1862. அமெரிக்க மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கொடுத்தது. அந்த மாநிலத்துக்கு எத்தனை காங்கிரஸ் உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர். அந்த நிலத்தை விற்று மூலநிதி ஏற்படுத்தி விவசாயக் கல்லூரி, தொழில் கல்லூரி நடத்து என்றது சட்டம். மொத்தம் ஒரு கோடி ஏக்கருக்கு மேல். யார் நிலம் அது? செவ்விந்தியப் பழங்குடிகளிடம் பிடுங்கிய நிலம். ஆக, அமெரிக்காவின் பெரிய பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு முதல் போட்டது யாரோ ஒரு தொழிலதிபரின் வியர்வை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கார் கொடுத்த இனாம் நிலம்! அந்த இனாம் வாங்கிய கல்லூரிகளில் தென் மாநிலத்துக் கறுப்பினப் பிள்ளை வாசற்படி மிதிக்க முடியாது.

28 ஆண்டு கழித்து 1890ல் இரண்டாவது சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்து நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடு என்றது. தென் மாநிலங்கள் சேர்க்கவில்லை. தனிக் கல்லூரி வைத்தன. பங்கு? அதுதான் கதை. அந்தச் சட்டத்தின்கீழ் இன்று 19 கறுப்பினக் கல்லூரிகள் இருக்கின்றன. மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. வெள்ளையர் கல்லூரிக்கு மாநிலம் அந்த டாலரைப் போட்டது. பல இடங்களில் அதற்கு மேலும் போட்டது. கறுப்பர் கல்லூரிக்குப் போடவில்லை. முதலாளி நம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துக்கொண்டு, தன் பங்கைக் கட்டாமல் ஏமாற்றினால் நாம் என்ன சொல்வோம்? பிச்சை கேட்கிறோம் என்றா சொல்வோம்?

இந்தப் பாக்கி எவ்வளவு? நாம் சொல்லவில்லை, அமெரிக்க அரசாங்கமே சொன்னது. 2023 செப்டம்பரில் கல்வி அமைச்சர் மிகுவெல் கார்டோனாவும் வேளாண் அமைச்சர் டாம் வில்சாக்கும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை, அந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டில் மட்டும், கறுப்பின நிலக்கொடைக் கல்லூரிகளுக்குச் சமமாகத் தராமல் விட்ட தொகை 1,260 கோடி டாலருக்கு மேல். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மட்டும் 210 கோடி டாலர்! இது 1987க்குப் பிந்திய கணக்கு. அதற்கு முந்திய தொண்ணூற்றேழு ஆண்டுக் கணக்கு இதில் இல்லை.

மூலநிதி, மூலநிதி என்கிறோமே, அது என்ன என்று நம் தாய்மார்கள் கேட்கலாம். ஊர்க் கோயிலில் கட்டளை எழுதி வைப்பார்கள் அல்லவா, அதுதான். பத்து ஏக்கர் நஞ்சையை எழுதி வைத்தால் நிலம் அப்படியே இருக்கும். அதன் விளைச்சலில் வருடா வருடம் விளக்கு எரியும். எழுதி வைத்தவர் செத்தாலும் விளக்கு அணையாது. தர்மகர்த்தா மாறினாலும் அணையாது. கல்லூரிக்கும் அப்படித்தான். முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் ஏழை மாணவனுக்குச் சம்பளம் கட்டுவது, சாப்பாடு போடுவது, புத்தகம் வாங்கிக் கொடுப்பது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மூலநிதி 5,000 கோடி டாலரைத் தாண்டியது. கறுப்பினக் கல்லூரிகளில் முதன்முதலாக ஒன்று 100 கோடி டாலரைத் தொட்டது 2024ல்தான். அது கமலா ஹாரிஸ் படித்த அதே ஹோவர்டு.

"ஹார்வர்டு தனியார் கல்லூரி, பணக்காரர்கள் கொடுத்தார்கள்" என்பீர்கள். சரி, சர்க்கார் எழுதி வைத்த கட்டளை ஒன்றையே பார்ப்போம். டெக்சாசுக்கு வாருங்கள்.

1876ல் டெக்சாஸ் மாநிலம் தனக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதில் ஒரு முதல்தரப் பல்கலைக்கழகம் அமைக்க வேண்டும் என்று எழுதி, அதற்கு மேற்கு டெக்சாசில் 10 லட்சம் ஏக்கரை நிரந்தர நிதியாக ஒதுக்கினார்கள். 1883ல் இன்னும் 10 லட்சம் ஏக்கர். அதே அரசியல் சட்டத்தில் கறுப்பின இளைஞருக்கும் ஒரு கல்லூரி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் ஒரு பழைய அடிமைப் பண்ணையில் பிரெய்ரி வியூ கல்லூரி பிறந்தது. ஒரே சட்டப் புத்தகத்தின் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள்! ஒன்றுக்கு 20 லட்சம் ஏக்கர். மற்றதற்கு?

மேற்கு டெக்சாஸ் நிலம் அன்றைக்குப் பொட்டல். ஆடு மேய்க்கத்தான் லாயக்கு. 1923 மே மாதம் அந்தப் பொட்டலில் எண்ணெய் பீறிட்டது. அன்றிலிருந்து அந்த நிதி ஊறிக்கொண்டே இருக்கிறது. இன்று 3,000 கோடி டாலருக்கு மேல். அதன் வருமானத்தில் ஆஸ்டினில் வெள்ளையர் பல்கலைக்கழகம் மாடமாளிகை எழுப்பியது. பிரெய்ரி வியூவுக்கு அந்த நிதியில் உரிய பங்கு உண்டு என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது எப்போது தெரியுமா? 1984ல்! ஒரே நாளில் பிறந்த தம்பிக்கு 108 ஆண்டு கழித்துச் சொத்தில் பங்கு. இன்னொரு கறுப்பினப் பல்கலைக்கழகம் ஹூஸ்டனில் இருக்கிறது, டெக்சாஸ் சதர்ன். அதற்கு அந்த நிதியில் இன்றும் பங்கில்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் வாக்காளர்கள் இன்னொரு புதிய நிரந்தர நிதிக்கு ஒப்புதல் தந்தார்கள், 390 கோடி டாலர். நான்கு பல்கலைக்கழகங்கள் பயன்பெறும். அந்த நான்கில் டெக்சாஸ் சதர்ன் இல்லை.

இப்போது சொல்லுங்கள் நண்பரே, சர்க்கார் பணத்தில் தனி நிதி வாங்கிச் சுகப்பட்டது யார்? நூறாண்டுக்கு மேல் இட ஒதுக்கீட்டில் படித்தது யார்?

"கறுப்பின மாணவனுக்கு முன்பே உதவித்தொகை கொடுத்தார்களே" என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், கொடுத்தார்கள். எதற்குக் கொடுத்தார்கள் என்பதை, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும்.

1921ல் மிசௌரி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கறுப்பின மாணவன் ஒருவன் சட்டமோ மருத்துவமோ மேற்படிப்போ படிக்க விரும்பினால், அந்தப் படிப்பு வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் அவனை அங்கே சேர்க்கமாட்டார்கள். வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி, அதற்கான கட்டணத்தை நாங்கள் கொடுக்கிறோம் என்றார்கள்! 1948க்குள் இப்படிப் பதினாறு மாநிலங்கள் கொடுத்தன. நாடு கடத்தலுக்குக் கல்வி உதவித்தொகை என்று பெயர். எத்தனையோ ஆசிரியர்கள், மருத்துவர்கள் அந்தக் காசை வாங்கிக்கொண்டு ரயிலேறி வடக்கே போனார்கள். குளிரில், அறிமுகமில்லாத ஊரில் வாடகை வீடு தேடி, கோடை விடுமுறைக்குக் கோடை விடுமுறை பாடம் படித்து, பல வருடம் கழித்துப் பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். ரயிலேறுகிற வலி நமக்குத் தெரியாததா?

லாயிடு கெயின்ஸ் என்ற இளைஞர் ஏற மறுத்தார். மிசௌரியின் கறுப்பினக் கல்லூரியான லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். "என் மாநிலத்தில் சட்டக் கல்லூரி இருக்கும்போது நான் ஏன் வெளியே போக வேண்டும்?" என்று வழக்குப் போட்டார். 1938ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளியே அனுப்பிப் பணம் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றது. மிசௌரி என்ன செய்தது? அவரைத் தன் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை. அவசர அவசரமாக, செயின்ட் லூயிஸ் நகரில் அழகுக்கலைப் பள்ளி ஒன்று இருந்த கட்டடத்தில் கறுப்பருக்கென்று ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. கெயின்ஸ் 1939 மார்ச்சில் சிகாகோவில் ஓர் இரவு தங்கியிருந்த இடத்தைவிட்டு வெளியே போனார். திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆக, உதவித்தொகை என்ற சொல்லைக் கேட்டவுடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. யார் கொடுக்கிறான், எதற்குக் கொடுக்கிறான், பெட்டிச் சாவி யார் கையில் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சாவி என்றதும் மிசிசிப்பி நினைவுக்கு வருகிறது. இந்த ஒரு மாநிலத்தின் கதையைக் கேட்டாலே போதும்.

மிசிசிப்பியில் மூன்று கறுப்பின அரசுப் பல்கலைக்கழகங்கள்: ஜாக்சன் ஸ்டேட், அல்கார்ன் ஸ்டேட், மிசிசிப்பி வேலி ஸ்டேட். 1970 மே மாதம் ஜாக்சன் ஸ்டேட் மாணவியர் விடுதி முன்பு போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். அந்த மாநிலத்தில் 1975ல் ஜேக் ஏயர்ஸ் என்பவர் தம் மகனுக்காகவும் மற்ற கறுப்பின மாணவர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார். எங்கள் கல்லூரிகளுக்கு நூறாண்டாக மறுத்ததைக் கொடு என்பதுதான் வழக்கு. 1986ல் ஏயர்ஸ் இறந்துபோனார். வழக்கு நடந்தது. 1992ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்டப் புத்தகத்தில் பிரிவினையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, பிரிவினையின் மிச்சங்கள் நடைமுறையில் இருக்கும்வரை மாநிலத்தின் கடமை தீரவில்லை. நல்ல தீர்ப்பு. அதன் பிறகும் வழக்கு நடந்தது! 2002ல்தான் சமரசம் ஆயிற்று. 50 கோடியே 30 லட்சம் டாலர், 17 ஆண்டுத் தவணையில். அதில் ஒரு பகுதி மூலநிதி: அரசு போடுவது 7 கோடி டாலர், தனியாரிடம் திரட்டித் தருவதாகச் சொன்னது 3 கோடியே 50 லட்சம் டாலர்.

பார்த்தீர்களா, மூலநிதி வந்துவிட்டதே என்று நம் நண்பர் மகிழ்வார். பொறுங்கள். தனியாரிடம் திரட்டுவதாகச் சொன்ன மூன்றரைக் கோடியில் திரண்டது சுமார் 10 லட்சம் டாலர். அது போகட்டும், நன்கொடை விஷயம். அரசு போட்ட நிதிக்கு என்ன நிபந்தனை தெரியுமா? ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கறுப்பரல்லாதவர் என்ற நிலையை எட்டி, அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு காக்க வேண்டும். அப்போதுதான் நிதியில் அதன் பங்கு அதன் கைக்கு வரும். அதுவரை சாவி வேறொருவர் கையில். அதுவரை கிடைக்கும் வட்டியை என்ன செய்வது? பிற இனத்து மாணவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க, விளம்பரம் செய்ய, அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க!

இதைவிடக் கொடிய கேலி உண்டா தோழர்களே? நூறாண்டாகப் பட்டினி போட்டது கறுப்பினப் பிள்ளையை. அதற்கு நஷ்டஈடு என்று கொடுத்த பணத்தின் வட்டியில் முதல் பந்தி வெள்ளையருக்கு! வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் நிதிக்கு இந்த மாதிரி ஒரு பூட்டைப் போட்டார்களா? போடவில்லை. ஏயர்ஸின் மனைவி லில்லி ஏயர்ஸ் இந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. வேறு சிலரோடு சேர்ந்து மேல்முறையீடு செய்தார். 2004ல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்க மறுத்துவிட்டது. இருபத்தொன்பது ஆண்டு வழக்கு முடிந்தது.

அலபாமாவிலும் இதே கூத்துத்தான். அங்கே 1995ல் நீதிமன்றம் இரண்டு கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மூலநிதி வைக்கச் சொன்னது, சரி. கூடவே வெள்ளை மாணவரை ஈர்க்க உதவித்தொகையும் கொடுக்கச் சொன்னது. கறுப்பின மாணவர் ஒருவர் தமக்கு மறுக்கப்பட்ட அந்த உதவித்தொகையைக் கேட்டு 1997ல் வழக்குக்கே போக வேண்டியதாயிற்று.

எல்லா இடத்திலும் தோல்விதானா என்றால், இல்லை. மேரிலாந்தில் ஒரு வெற்றி உண்டு. அதை மறைக்கக் கூடாது. தர்குட் மார்ஷல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. மேரிலாந்தின் பால்டிமோரில் பிறந்தவர். அந்த மாநிலச் சட்டக் கல்லூரி கறுப்பரைச் சேர்க்காது என்பதால் ஹோவர்டுக்குப் போய்ப் படித்தார். அதே மேரிலாந்தில் 2006ல் பழைய மாணவர்களும் மற்றவர்களும் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். மாநிலத்தின் நான்கு கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் நல்ல பாடப்பிரிவு ஒன்றைத் தொடங்கினால், பக்கத்து வெள்ளையர் பல்கலைக்கழகத்திலும் அதையே தொடங்கி மாணவரை இழுத்துக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2013ல் நீதிமன்றம் ஆமாம் என்றது.

பிறகு நடந்தது பேரம். நம் ஆலைத் தொழிலாளிக்குப் போனஸ் பேரம் நினைவிருக்கும். ஆளுநர் லாரி ஹோகன் 2018ல் 10 கோடி டாலர் என்றார். 2019ல் 20 கோடி என்றார். சட்டமன்றம் 57 கோடியே 70 லட்சம் என்று மசோதா நிறைவேற்றியபோது, 2020ல், கொரோனா நெருக்கடியைக் காட்டி அதை நிராகரித்தார். மக்கள் விடவில்லை. மறு ஆண்டு மசோதா மீண்டும் வந்தது. 2021 மார்ச்சில் அதே ஆளுநர் அதே தொகைக்கு அதே கையால் கையெழுத்திட்டார்! பத்தாண்டில் கொடுக்க வேண்டிய அந்தப் பணத்தில் மாணவர் உதவித்தொகை உண்டு, ஆசிரியர் நியமனம் உண்டு, புதிய பாடப்பிரிவுகள் உண்டு. பத்துக் கோடியோடு போதும் என்று 2018ல் கும்பிட்டிருந்தால் மீதி நாற்பத்தேழு கோடி எங்கே போயிருக்கும்?

ஆனாலும் நமக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறோம். இது பத்தாண்டுத் தவணை. பத்தாண்டு முடிந்தால்? இன்று பிறக்கிற பிள்ளை கல்லூரிக்கு வரும்போது அந்தக் கஜானாவில் என்ன இருக்கும்? வெள்ளையர் கல்லூரிக்குக் கொடுத்தபோது நிலமாகக் கொடுத்தார்கள், முதலாகக் கொடுத்தார்கள், காலத்துக்கும் கொடுத்தார்கள். கறுப்பர் கல்லூரிக்கு மட்டும் தவணையா? பாக்கியைத் திருப்பும்போதும் முதலாகத்தான் திருப்ப வேண்டும். அதை அந்தக் கல்லூரியின் கையில் கொடுக்க வேண்டும். அங்கே இன்று படிக்கிற பிள்ளைக்கு, நிபந்தனை இல்லாமல், அதன் வருமானம் போக வேண்டும். இதைவிடக் குறைந்த எதையும் நீதி என்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆண்டு மானியத்தின் லட்சணத்தை 2025 பிப்ரவரி காட்டிக்கொடுத்தது. 1890 கல்லூரிகளில் விவசாயம் முதலிய படிப்புக்குச் சேரும் கிராமப்புற ஏழை மாணவருக்கு அமெரிக்க வேளாண் துறை 1992 முதல் முழு உதவித்தொகை கொடுத்து வந்தது. புதிதாக வந்த டிரம்ப் ஆட்சி அதைப் 'பரிசீலனைக்காக' என்று சொல்லி ஒரே அறிவிப்பில் நிறுத்திவைத்தது. பிள்ளைகள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நேரம்! எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் திரும்பத் திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதே ஆட்சி கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் 49 கோடியே 50 லட்சம் டாலர் ஒரு தடவைக்கு மட்டும் என்று கூடுதலாகக் கொடுத்தது. எங்கிருந்து? ஹிஸ்பானிக் மாணவர்கள் அதிகமுள்ள கல்லூரிகளுக்கும் மற்றச் சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கும் போகிற மானியத்தை நிறுத்திவிட்டு! ஒரு ஏழையின் சட்டியில் அள்ளி இன்னொரு ஏழையின் சட்டியில் போட்டுவிட்டு வள்ளல் பட்டம் கேட்கிறார்கள். பிப்ரவரியில் நிறுத்தத் தெரிந்த கைதான் செப்டம்பரில் கொடுக்கிறது. மூலநிதியாக இருந்திருந்தால் இரண்டு வேலையும் அந்தக் கைக்கு இருந்திருக்காது.

டென்னசியில் இன்னொரு வகை. 2021ல் அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவே கணக்குப் பார்த்து, டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்காமல் விட்ட ஈட்டுத்தொகை 15 கோடியிலிருந்து 54 கோடியே 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்றது. 2022ல் 25 கோடி கொடுத்தார்கள், கட்டட வேலைக்கு என்று. 2024 மார்ச்சில் நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவையே சட்டம் போட்டுக் கலைத்தார்கள். நிர்வாகத்தில் குறையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டியதுதான். ஆனால் ஐம்பது ஆண்டுப் பாக்கி வைத்த கடன்காரன், கடன் கொடுத்தவன் வீட்டுக் கணக்குப் புத்தகம் சரியில்லை என்று வீட்டைப் பூட்டினால் அதற்கு என்ன பெயர்?

நண்பரின் முதல் கேள்விக்கு வருகிறோம். எல்லாக் கல்லூரியும் திறந்திருக்கும்போது தனிக் கல்லூரி எதற்கு? கறுப்பினக் கல்லூரி யாரையும் தள்ளவில்லை, அன்றும் தள்ளவில்லை. இன்று அவற்றின் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பரல்லாதவர். ஆகவே அங்கே படிக்கும் மாணவருக்கு என்று நிதி வைத்தால் அது நிறம் பார்த்துக் கொடுப்பதும் ஆகாது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை நிறுத்திவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பின், எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று சொல்கிறவரின் தைரியம் பெரிய தைரியம்தான். ஹோவர்டும் டென்னசியின் மெஹாரியும் நீண்ட காலம் அந்நாட்டுக் கறுப்பின மருத்துவர்களில் பெரும்பாலோரை உருவாக்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டு, மிஞ்சியவை அந்த இரண்டுதான். மார்ட்டின் லூதர் கிங் படித்தது மோர்ஹவுஸ். இவர்களை உருவாக்கிய கல்லூரிகளை 'எதற்கு' என்று கேட்கிறவர், நல்ல வேலையில் இருக்கிற நம்மவர்!

இதில் நமக்கென்ன என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1913ல் பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று ஆண்டுக்குக் கொடுத்த உதவித்தொகையில்தான் அம்பேத்கர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. தொகைக்கான காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917ல் திரும்ப வேண்டியதாயிற்று. வேலைக்குப் போன பரோடாவில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. உதவித்தொகையின் அருமையும் அதன் கயிறும் அவருக்குத் தெரியும். அவர்தான் 1946ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்கு அவர்கள் கொண்டுபோகும் மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸ் 1888ல் பட்டம் பெற்றது எங்கே? ஃபிஸ்க் என்ற கறுப்பினக் கல்லூரியில்.

இன்னும் பக்கத்தில் வருவோம். ஊர் விட்டு ஊர் வந்த பட்டியல் சாதித் தமிழன் வீட்டுப் பிள்ளைக்கு, பிறந்து வளர்ந்தது இந்த மண்ணே ஆனாலும், தகப்பன் வந்த மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு எழுந்ததே பம்பாயின் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்துக்காக. சலுகை வேண்டுமானால் உன் சொந்த மாநிலத்தில் போய்க் கேள் என்கிறார்கள். சொந்த மாநிலத்திலோ, இங்கே படித்த பிள்ளைக்கு வசிப்பிடச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். மிசௌரி, தன் பிள்ளையை வெளியே போ என்றது. நம் பிள்ளையைத் திரும்பிப் போ என்கிறார்கள். பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தேர்தல் நேரத்தில் நம் பேட்டைக்கு வருகிறவர்கள் நோட்டுப் புத்தகமும் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற முறை நாமும் மாலை போட்டோம். இந்த முறை சங்கத்தின் சார்பில் கொடுக்கப்போகும் மனுவில், 'ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்கிட வேண்டுகிறோம்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு இரு மாநில அரசுகளும் சேர்ந்து ஒரு நிரந்தர நிதி வைக்க வேண்டும், அதன் நிர்வாகத்தில் நம் ஆட்கள் உட்கார வேண்டும் என்று எழுதச் சொல்லி வருகிற பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவருகிறோம். படிப்பகத்தில் தலையாட்டிய தோழர்களும், கேள்வி கேட்ட நண்பரும் அன்றைக்குத் தவறாமல் வரவேண்டும்.